பிறந்தநாள் வாழ்த்து அட்டை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

போன மாதம் மேசை இழுப்பறையை ஒழித்தபோது 23 பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் சேர்ந்து கிடந்தன. ஏழு அட்டைகளில் யாரோ உட்கார்ந்து, யோசித்து, நாலு வரி எழுதியிருந்தார்கள். அவற்றை மறுபடி உறைக்குள் போட்டு எடுத்துவைத்துவிட்டேன். மீதி 16 அட்டைகளில் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே ஒரு கையெழுத்து மட்டும்தான். பழைய தாளோடு சேர்த்துவிடலாம் என்று எடுத்தவள், எதற்கும் பார்ப்போம் என ஒவ்வொன்றின் மூலையையும் கிழித்துப் பார்த்தேன். ஐந்துதான் சுத்தமாகக் கிழிந்தன. கிழிந்த ஓரத்தில் பஞ்சு மாதிரி நார் தெரிந்தது. மற்ற பதினொன்றும் முரண்டு பிடித்தன. தாள் கிழிந்த பிறகும் அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம் இழுபட்டுக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக். தாள் என்று நினைத்து வருடக்கணக்காக நானும் வாங்கிக் கொடுத்தவைதான் அவை.

அன்றிலிருந்து அட்டை வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: பிறந்தநாள் முடிந்த பிறகு இது எங்கே இருக்கும்? பெற்றவர் எடுத்துவைத்துக்கொள்வாரா, பழைய தாளோடு போய்க் கூழாகுமா, குப்பைமேட்டுக்குப் போகுமா? பச்சை இலை முத்திரை, ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற வாசகம் எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் எனக்குத் தெளிவான விடை தருகிறது. கீழே வரும் ஒப்பீடும் இதை வைத்துத்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஏ5 அளவுத் தாளை இரண்டாக மடித்தால் வருவதுதான் நாம் வழக்கமாகப் பார்க்கும் அட்டை. அதன் தடிமன் பெரும்பாலும் 300 ஜிஎஸ்எம். அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் 32 ஏ5 தாள்கள் அடங்கும் என்பதால் ஓர் அட்டை 9 கிராம் சொச்சம் வருகிறது. 100 ஜிஎஸ்எம் தாளில் செய்த உறை ஏறத்தாழ 4 கிராம். இரண்டும் சேர்ந்து 13 கிராம். மடிக்காத, உறையில்லாத, அஞ்சலட்டை மாதிரியான ஏ6 அட்டை என்றால் 5 கிராம்கூட வராது. தாள் என்ன தாள், மை என்ன மை என்று ஆராய்வதற்கு முன்னாலேயே, மடிப்பையும் உறையையும் விட்டாலே பாதிக்கு மேல் மிச்சம்.

கணக்கின் அடுத்த பாதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கிலோ தாள் செய்ய ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 13 கிராம் அட்டைக்குப் 13 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியேறுவது 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டியில்கூட ஒரு கிலோமீட்டருக்கு 46 கிராம் ஆகிவிடுகிறது. அட்டை வாங்குவதற்கென்றே வண்டியை எடுத்தால் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே மூன்று அட்டைகளின் தாளுக்கு மேல் செலவாகிவிட்டது. காரில் போனால் சொல்லவே வேண்டாம். அதனால் வேறு வேலையாகப் போகும்போது வருடத்துக்குத் தேவையான அட்டைகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே எதுவும் அச்சடிக்காத வெற்று அட்டை என்றால் யாருக்கும், எந்த நாளுக்கும் ஆகும். கடைசி நிமிட ஓட்டத்தில்தான் கையில் கிடைத்த ஜிகினா அட்டையை வாங்கிவிடுகிறோம்.

தாளில் நான்கு வகை

கடையில் ‘மறுசுழற்சி’ என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். அந்தச் சொல்லின் வால் முக்கியம். ‘மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்றால் பழைய தாளிலிருந்து செய்தது. ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்றால் புதுத் தாள், பின்னால் கூழாக்கலாம், அவ்வளவுதான். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள் கொண்ட முத்திரையிலும் இதே விஷயம் இருக்கிறது. நடுவே சதவீதம் போட்டிருந்தால், அந்த அளவுக்குப் பழைய தாள் கலந்திருக்கிறது என்று பொருள். எண் இல்லாத வெறும் அம்புகள் பெரும்பாலும் ‘செய்யத்தக்கது’ என்பதைத்தான் சொல்கின்றன.

பழைய தாளிலும் இரண்டு உண்டு. ஆலையிலேயே வெட்டியபோது விழுந்த துண்டுகள் ஒன்று; மக்கள் பயன்படுத்தி முடித்துப் போட்ட தாள் இன்னொன்று. இரண்டாவதுதான் குப்பைமேட்டுக்குப் போக வேண்டியதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. தாள் குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகினால் மீத்தேன் வெளியாகும்; கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும் வாயு அது. அதனால் என் முதல் தேர்வு, பயன்படுத்திய தாளிலிருந்து செய்த அட்டை. லேசான சாம்பல் நிறம், அங்கங்கே கடுகளவு புள்ளிகள். எனக்கு அந்தப் புள்ளிகள் பிடிக்கும். ஒவ்வொன்றும் எப்போதோ யாரோ அச்சடித்த எழுத்தின் மிச்சம்.

ஆனால் பழைய தாளை மட்டுமே வைத்து உலகம் ஓடாது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே வரும். ஐந்து முதல் ஏழு முறைக்குப் பிறகு பிணைந்து நிற்கும் வலு அதற்கு இருக்காது. எங்கோ ஓரிடத்தில் புது நார் உள்ளே வந்தாக வேண்டும். அதில் செய்த புது மரக்கூழ்த் தாள்தான் இரண்டாவது வகை. அந்தப் புது நார் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதற்குத்தான் எப்.எஸ்.சி. என்ற காடு காக்கும் அமைப்பின் முத்திரை. 1993-இல் தொடங்கிய அந்த அமைப்பு மூன்று முத்திரைகள் தருகிறது: ‘100%’, ‘மிக்ஸ்’, ‘ரீசைக்கிள்டு’. மூன்றும் ஒன்றல்ல. முழுக்க அவர்கள் சான்றளித்த காட்டு மரம் என்றால் முதலாவது. மூன்றாவதுதான் பழைய தாள். ‘மிக்ஸ்’ என்பது பெயருக்கேற்ற கலவை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்; கண்ணாடி போட்டுப் பார்ப்பது வீண்போகாது. முத்திரையே இல்லாத வெள்ளை வெளேர் அட்டையைவிட ‘மிக்ஸ்’ எவ்வளவோ மேல்.

வெள்ளை வெளேர் என்றதும் வெளுப்பு நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் கூழை வெளுக்கக் குளோரின் வாயுவையே நேரடியாகப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து டையாக்சின் போன்ற நஞ்சுகள் உண்டாகி ஆற்றில் கலந்தன. மீனின் கொழுப்பில் தங்கின. பிறகு பல ஆலைகள் குளோரின் டை ஆக்சைடுக்கு மாறின. அதில் பாதிப்பு வெகுவாகக் குறைவு. அதையும் விட்டுவிட்டு ஆக்சிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் கொண்டு வெளுப்பதும் உண்டு. அந்தத் தாளில் டி.சி.எப். என்று போட்டிருக்கும். இதெல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. வெளுக்காத பழுப்பு அட்டை எடுத்தால் இந்தக் கவலையே இல்லை. கறுப்பு மையும் வெள்ளைப் பென்சிலும் பழுப்பில் அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

மூன்றாவது வகை, கையால் செய்த பருத்தித் தாள். ஆடை தைக்கும் இடங்களில் மிஞ்சும் பருத்தித் துணித் துண்டுகளை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்திச் செய்வது. மரம் வேண்டாம். நார் நீளமாக இருப்பதால் தாள் பல தலைமுறைக்கு உழைக்கும். மலிவான மரக்கூழ்த் தாள் மாதிரிச் சீக்கிரம் பழுக்காது. நாலு ஓரமும் வெட்டாமல் பிசிறாக இருப்பதைத் தொட்டுப் பார்த்தாலே ஒரு நிறைவு. பருத்தி விளைய நிறையத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே எடுப்பது துணி வெட்டியபின் விழுந்த துண்டைத்தான். ஒரே ஓர் எச்சரிக்கை: ஊற்றுப்பேனாவால் எழுதினால் பசையேற்றாத தாளில் மை கசிந்து எழுத்துக்கு மயிர் முளைத்துவிடும். மூலையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எடுத்துவைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு, அறுபதோ எண்பதோ நிறையும் பிறந்தநாளுக்கு, நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நான்காவது ‘கல் தாள்’. மரமே வெட்டவில்லை, தண்ணீரே செலவாகவில்லை என்ற விளம்பரத்தோடு வருகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு சுண்ணாம்புக்கல் மாவு, மீதி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பழைய தாளோடு போட்டால் கூழாகாது, மக்கவும் மக்காது. வழவழவென்று இருக்கும், தண்ணீர் பட்டாலும் ஊறாது. ஆனால் எனக்கு அதைத் தாள் என்று சொல்லவே மனம் வரவில்லை.

தயங்காமல் விட வேண்டியவை

ஜிகினா. அது பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளாக வெட்டியது. கூழாக்கும் தொட்டியில் தாள் தண்ணீரில் ஊறிக் கலையும்போது பெரிய பிளாஸ்டிக், ஊசி, கம்பி எல்லாம் சல்லடையில் நின்றுவிடும். ஜிகினா நார்களோடு நழுவிப் போய்விடும். ஓர் அட்டையில் இருப்பது ஒரு கட்டுத் தாளையே கெடுத்துவிடலாம். உதிர்ந்தது கையிலும் தரையிலும் ஒட்டிச் சாக்கடை வழியாக நீர்நிலைக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக்குக்கு எதிராகக் கொண்டுவந்த விதியின்படி 2023 அக்டோபர் 17 முதல் உதிரியான பிளாஸ்டிக் ஜிகினாவை விற்பதையே நிறுத்தியது. பொன்னெழுத்து வேறு கதை: சூடேற்றி அழுத்திப் பதித்த மெல்லிய பொன் வரி ஒன்றிரண்டு இருந்தால் கூழாக்குவதற்குப் பெரிய தடையில்லை. அட்டை முழுவதையும் மூடிய பளபளப்புப் படலம்தான் தடை. கடையில் கிழித்துப் பார்க்க முடியாது; நகத்தால் ஓரத்தை லேசாக வருடினால் படலம் பிரிந்து தெரிவதுண்டு.

பாட்டுப் பாடும் அட்டை. அக்கா மகளுக்கு வந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஒரு மின்சுற்றுப் பலகை, சிப்பின் மேல் கறுப்புப் பிசின் பொட்டு, இரண்டு பட்டன் பேட்டரிகள், ஒரு வட்ட ஒலிபெருக்கி, திறக்கும்போது இழுபடும் பிளாஸ்டிக் பட்டை. எல்லாம் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தது. பிரித்தெடுக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவள் அதைக் கேட்டு மகிழ்ந்தது அதைவிடக் குறைந்த நேரம். சுற்றுச்சூழலை விடுங்கள், பேட்டரிக்காகவே இதைச் சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயில் கடும் புண் உண்டாகலாம். ஏற்கனவே வந்துவிட்டிருந்தால், பேட்டரி, மின்சுற்றுப் பலகை, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் தனியே எடுத்து மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வெறும் அட்டையை மட்டும் தாளோடு சேருங்கள்.

விதைத்தாள்: ஆசையும் நடைமுறையும்

கேட்கும்போதே மனசுக்குப் பிடித்துவிடும் யோசனை. வாழ்த்தைப் படித்துவிட்டு மண்ணில் புதைத்தால் பூச்செடி. நான் இரண்டு வாங்கினேன். ஒன்றை உடனே நட்டேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துண்டுகளாகப் பிய்த்து, தொட்டி மண்ணில் பரப்பி, மேலே ஒரு விரல் நகத்தின் கனத்துக்கு மண் தூவி, ஈரம் காயாமல் தெளித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள் நூல் மாதிரித் தண்டில் இரண்டு இலைகளோடு முதல் முளை வந்தது. மொத்தம் ஏழு. அதில் மூன்று பூத்தன. அந்த மூன்று பூக்களையும் பார்த்த சந்தோஷத்தை எந்த அட்டையும் எனக்குத் தந்ததில்லை.

இரண்டாவதை அலமாரியில் வைத்து மறந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைக்கு ஆயுள் உண்டு; வாங்கி அடுக்கிவைக்கிற பொருள் அல்ல இது. செய்த தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. விதை நசுங்கிவிடும், வெந்துவிடும் என்பதால் இந்தத் தாளை உருளையில் அழுத்தி மழமழப்பாக்க மாட்டார்கள். தடிமனாக, கரடுமுரடாக இருக்கும். எழுதும்போது பேனா முனை விதையில் தட்டி எழுத்து துள்ளும். பட்டைமுனைப் பேனா அதற்கு ஏற்றது. எந்தச் செடியின் விதை என்று எழுதாத அட்டையை வாங்காதீர்கள். பெறுபவரின் மண்ணுக்கு அந்நியமான செடி பரவத் தொடங்கினால் அங்குள்ள செடிகளுக்குக் கேடு. இதனாலேயே பல நாடுகள் விதையை அஞ்சலில் உள்ளே விடுவதில்லை. எல்லை தாண்டி அனுப்பினால் சுங்கத்தில் நின்றுவிடும்.

என் முடிவு: மண்ணும் தொட்டியும் உள்ளவருக்கு, நடுவார் என்று தெரிந்தவருக்கு மட்டும். மற்றவர் கையில் அது, விதை வீணான ஒரு கனத்த அட்டை. நட மனமில்லாதவருக்குக் கொடுத்து, அவர் அதைக் குப்பையில் போடக் கூச்சப்பட்டு வைத்திருப்பது நல்ல பரிசு ஆகாது.

திரையில் அனுப்பும் வாழ்த்து

தாளும் இல்லை, தபாலும் இல்லை. கைபேசி எப்படியும் கையில் இருக்கிறது. ஒரு படமோ குரல்பதிவோ அனுப்பக் கூடுதலாகச் செலவாகும் மின்சாரம் மிகக் கொஞ்சம். வெறும் கரியமிலக் கணக்கை வைத்துப் பார்த்தால் இதுதான் வெல்லும். தொலைதூரத்துக்கு விமானத்தில் போகும் அட்டையோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் மற்ற நாற்பது வாழ்த்துகளோடு அதுவும் மேலே நகர்ந்து காணாமல் போகிறது. எல்லோரும் அனுப்பும் அதே ஆடும் கேக் படத்தை அனுப்பினால் அது வாழ்த்தே இல்லை, தலையாட்டல்.

நான் கண்டுபிடித்த நடுவழி இது. பழைய தாளின் வெற்றுப் பக்கத்தில் கையால் நாலு வரி எழுதி, வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறேன். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குக் குரலில் பேசி அனுப்புகிறேன். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள்.

வீட்டில் செய்வது

பழைய நாட்காட்டியின் படங்கள், முன்பு வந்த அட்டைகளின் முகப்பு, பொட்டலத்தோடு வந்த பழுப்பு அட்டை, வீட்டில் காய்ச்சிய மாவுப்பசை. இவற்றில் செய்ததை வேறெதுவும் மிஞ்சாது, ஏனென்றால் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. வந்த அட்டையை மடிப்பில் வெட்டினால் முன்பாதி ஓர் அஞ்சலட்டை. பின்பக்கம் எழுத வெற்றாக இருக்கும். ஆனால் ‘கையால் செய்கிறேன்’ என்று கிளம்பி, நுரை ஒட்டிகள், பளபளப் பேனா, பிளாஸ்டிக் மணி, இருபக்க ஒட்டுநாடா என்று ஒரு பை நிறைய வாங்கினால் கடையில் ஓர் எளிய அட்டை வாங்கியிருக்கலாம். குழந்தைகளோடு செய்யும்போது இதில் கவனமாக இருங்கள். அவர்களுக்குக் கத்தரிக்கோலும் வண்ணப் பென்சிலும் போதும்.

உறையும் மேலுறையும்

உறை சாதாரணத் தாளாக, பிளாஸ்டிக் சன்னல் இல்லாமல் இருந்தால் போதும். தொல்லை, அட்டையையும் உறையையும் சேர்த்துப் போட்டிருக்கும் கண்ணாடிப் பை. அழுக்குப் படாமல், பிரிந்துபோகாமல் இருக்கத்தான் அது. தாள் பட்டையோ ஒரு சின்ன ஒட்டியோ அந்த வேலையைச் செய்துவிடும். சில பைகளில் ‘மக்கும்’ என்று அச்சடித்திருப்பார்கள். அது பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற, தாவர மாவிலிருந்து செய்த பிளாஸ்டிக்; ஆலையில் 60 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் மக்க வைக்க வேண்டியது. வீட்டு எருக்குழியில் போட்டால் அப்படியே கிடக்கும். பழைய தாளோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது. பையே இல்லாத அட்டை இருந்தால் அதை எடுங்கள்.

அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் ஆளுக்கொன்று வேண்டாம், எல்லோரும் எழுதிய ஒன்று போதும். அதைத்தான் பெற்றவரும் எடுத்துவைப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு உறையில்லாமல் கையில் கொடுங்கள். தூரத்தில் இருப்பவருக்கு அஞ்சலட்டை அல்லது கைபேசி.

என் சித்தியும் அவர் தோழியும் ஒரே அட்டையை 14 வருடங்களாகப் பரிமாறிக்கொள்கிறார்கள். தோழியின் பிறந்தநாளுக்குச் சித்தி அனுப்புவார். ஐந்து மாதம் கழித்துச் சித்தியின் பிறந்தநாளுக்கு அது திரும்பி வரும், தேதியும் இரண்டு வரியும் கூடி. போன வாரம் அதை வாங்கிப் பார்த்தேன். முகப்பில் மங்கிய ரோஜா, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் படலம். நான் கிழித்துப் பார்த்த பதினொன்றில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய அட்டை. அந்தப் படலம்தான் 28 பயணத்திலும் அதைக் கிழியாமல் காப்பாற்றியிருக்கிறது. உள்பக்கம் நிறைந்து, பின்பக்கமும் நிறைந்து, கடைசி வரியை அச்சகத்தின் பெயருக்கும் ஓரத்துக்கும் நடுவே நுணுக்கி எழுதியிருந்தார்கள். இந்த வருடம் எழுத இடமில்லை. சித்தி ஒரு பழைய உறையைப் பிரித்து, அதன் உட்பக்க வெள்ளையை அளவாக வெட்டி, மடிப்பில் வைத்து ஊசிநூலால் தைத்துக்கொண்டிருந்தார்.